துளைக்குப் பெயர் நாள்

சிலாவோஸுக்கு ஏறும் சாலையில் நானூறு வளைவுகளாம்.
நூற்றுப்பத்து வரை எண்ணினேன்.
பிறகு வயிறு எண்ணிக்கொண்டது.

ஓட்டுநர் பேர் கயித்தான் சூப்ரமாயன்.
சுப்ரமணியன்தானே என்றேன், கரூர்க்காரியின் உரிமையோடு.
சூப்ரமாயன் என்றார் மறுபடி,
கண்ணாடியில் என்னைப் பார்க்காமல்.
அதோடு விட்டுவிட்டேன்.

வண்டியின் முன்புறம் மஞ்சள் துணியில் முடிந்த எலுமிச்சை,
அதையொட்டி சிவப்புச் சால்வையில் ஒரு புனிதர்:
எக்ஸ்பெதி. அவசரக் காரியங்களுக்கு அவர்தானாம்.
மெதுவான காரியங்களுக்கு?
பாண்டியாலே, என்றார்.
பாஞ்சாலியை ரெயூனியன் தீவு
அப்படித்தான் கூப்பிடுகிறது, வீட்டுப் பெண்ணைப்போல.

அவருக்கு அன்று விரதத்தின் பதினோராம் நாள்.
வழிக்கடையில் நான் கோழிக் குழம்பு தின்ன,
வாசனை எட்டாத தூரத்தில் நின்று
லீச்சி உரித்துக்கொண்டிருந்தார்.

நான் வந்தது மேஜைவிரிப்புக்கு.
முதலாளிக்கு நல்ல படம் ஒன்று போதும்,
மிச்சத்தை எம்பிராய்டரி மெஷின் பார்த்துக்கொள்ளும்.

மரி-லீஸ் டிஜூவுக்கு முப்பது வயதிருக்கும்.
சட்டத்தில் இறுகப் பூட்டிய வெள்ளை லினன்.
ஊசி எடுப்பாள் என்று பார்த்தால்
கத்தரியை எடுத்தாள்.
ஓர் இழையை நறுக்கி உருவினாள்.
அடுத்ததை.
அடுத்ததை.
நெய்தவன் பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருப்பான்.
பாவு போன இடத்தில் ஊடை மட்டும்
காற்றில் நின்றது.
அப்புறம்தான் ஊசி:
எஞ்சிய இழைகளை மூன்று மூன்றாக இடுப்பில் கட்டி
நடுவே ஒரு சிலந்தியை உட்காரவைத்தாள்.
அந்தத் துளைகளுக்கு இங்கே பெயர் நாள்.
வெளிச்சத்துக்கும் அதே சொல்.

விலை கேட்டேன்.
துணி சும்மா, துளைக்குத்தான் காசு என்றாள்.
படம் எடுக்கலாமா?
எடு. பின்பக்கத்தையும் எடு.
முடிச்சு எங்கே ஒளிந்திருக்கிறதென்று
உன் மெஷினிடம் கேள்.
ஜன்னலுக்கு வெளியே மேகம்
மலையின் பாதியை உருவிக்கொண்டிருந்தது.
கைக்குட்டை அளவில் ஒன்று வாங்கினேன், என் காசில்.

ஞாயிறு, கிழக்குக் கரை.
சாந்த்-ரோஸில் ஒரு மாதா கோயில்.
எரிமலைக் குழம்பு வாசல்வரை வந்து
சுற்றிக்கொண்டு போயிருக்கிறது,
உறைந்த கேப்பைக்களி மாதிரி, கறுப்பாக.
இடுக்கில் பெரணி.
நெருப்புக்கும் கூச்சம் உண்டு, என்றார் கயித்தான்.
இரண்டு அடி நடந்து, சேர்த்துக்கொண்டார்:
சில சமயம்.

பதினெட்டாம் நாள் மாலை
வண்டிச் சாவியை என்னிடம் தந்தார்.
வேட்டியில் பாக்கெட் இல்லை.

கரும்புத் தோட்டத்தை ஒட்டிய கோயில்.
தணலை நீளக் கோலால் சமன்செய்தார்கள்,
களத்தில் நெல் பரப்புகிற நிதானத்தில்.
தப்பு அதிர அதிர, எனக்குப் பக்கத்தில் மரி-லீஸ்.
கழுத்தில் சிலுவை, கையில் சாமந்தி மாலை.
வேண்டுதல் என்றாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

கோவிந்தா என்று கூட்டம் கத்தியது.
கயித்தான் ஓடவில்லை.
இப்போதுதான் கழுவிவிட்ட தரையில்
அழுக்குப் படாமல் போகிறவர்போல
ஏழோ எட்டோ அடி.
பிறகு பால் ஊற்றிய பள்ளத்தில் நின்று
யாரையும் பார்க்காமல் சிரித்தார்.
சாவியின் பற்கள் என் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

கால்மணி நேரத்தில் வந்து கை நீட்டினார்,
முகத்தில் மஞ்சளும் காலில் செருப்புமாக.
விமானம் காலை ஆறுக்குத்தானே?

அறையில், விளக்குக்கு நேரே விரிப்பைப் பிடித்தேன்.
பதினெட்டு இருக்கும் என்ற ஆசையில்
நாள்களை எண்ணினேன்.
இருபத்து மூன்று.
திரும்ப எண்ணினேன்.
இருபத்து மூன்றேதான்.

முதலாளியின் செய்தி வந்து கிடந்தது:
படம் எங்கே?

அனுப்பினேன்,
பின்பக்கத்தை மட்டும்.